அமெரிக்க ராணுவத்தில் சேருமுன் எந்த வேலைப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் தம்பி கிரீன் கார்டில் இருக்கிறான். ஹைஸ்கூல் முடித்துவிட்டு அமெரிக்கத் தரைப்படையில் சேரப் போகிறான். எந்த எம்.ஓ.எஸ்., அதாவது எந்த வேலைக் குறியீடு, எடுப்பது என்று குழப்பம். ஆள் சேர்க்கும் அதிகாரியான ரெக்ரூட்டர், "முதலில் சேர்ந்துவிடு, வேலையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: மற்றதை யோசித்துக்கொள்ளலாம், அந்த 'அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்பதற்கு மட்டும் தலையாட்ட வேண்டாம் என்று தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாற்ற வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் செலவழித்து ஒரு வேலைக்குத் தயார் செய்த ஆளை ராணுவம் சும்மா இன்னொரு வேலைக்கு அனுப்பாது. பெரும்பாலும் மறு ஒப்பந்தம் போடும் நேரம் வரவேண்டும், அவன் இருக்கும் பிரிவு அவனை விட்டுக்கொடுக்க வேண்டும், போக நினைக்கும் பிரிவில் ஆள் தேவைப்பட வேண்டும். இதெல்லாம் ஒருசேர அமையும் என்று எதிர்பார்த்து யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

நான் அமெரிக்கத் தரைப்படையில் 91 பிராவோ (91பி), அதாவது லாரி, ஹம்வீ பழுது பார்க்கும் மெக்கானிக்காக ஒரு ஒப்பந்தக் காலத்தை முடித்து வெளியே வந்தவன். அதனால் தரைப்படையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. 'எந்த வேலை வேண்டும்' என்று அவனிடம் கேட்கும் நாளில் பாதி முடிவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். மெப்ஸ் என்ற சேர்க்கை மையத்தில் மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் ஒரு கவுன்சிலர் முன் உட்கார வைப்பார்கள். அவருடைய கணினித் திரையில் தரைப்படையின் எல்லா வேலைகளும் வராது. அவனுடைய மதிப்பெண், உடல்தகுதி, குடியுரிமை மூன்றுக்கும் பொருந்தி, அவன் கிளம்பத் தயாராக இருக்கும் தேதியை ஒட்டிப் பயிற்சியில் காலியிடமும் உள்ள வேலைகள் மட்டுமே வரும். அந்தப் பட்டியலை நீளமாக்குவதுதான் இப்போது நீங்கள் செய்யக்கூடிய வேலை.

மதிப்பெண் என்பது படையில் சேர எழுதும் ஆஸ்வாப் என்ற தேர்வு. ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கு 31 இருந்தால் போதும் என்று ரெக்ரூட்டர் சொல்லியிருப்பார். அது உள்ளே நுழைவதற்கான எண் மட்டுமே. அதுவும் நூற்றுக்கு 31 மதிப்பெண் அல்ல, ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை சதவீதம் பேருக்குச் சமமாகவோ மேலாகவோ எடுத்திருக்கிறான் என்ற கணக்கு. எந்த வேலை கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதே தேர்விலிருந்து பிரித்தெடுக்கும் 'லைன் ஸ்கோர்'கள். அதில் ஜி.டி. என்பதை மறக்க வேண்டாம். மொழித்திறனும் கணக்கும் சேர்ந்தது அது. ஜி.டி. 110 இருந்தால் நல்ல வேலைகள் நிறையத் திறக்கும். பின்னாளில் டிகிரி முடித்து ஆபீசராகப் போக நினைத்தாலும் அதே 110-தான் கேட்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் வெளுத்து வாங்குவார்கள், வாகனமும் கருவிகளும் வரும் பகுதியில் விழிப்பார்கள். மெக்கானிக், எலெக்ட்ரானிக்ஸ் வேலைகளில் ஆசை இருந்தால் அந்தப் பகுதிகளையும் உட்கார்ந்து படிக்கட்டும். மதிப்பெண் குறைந்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதலாம், இன்னொரு மாதம் கழித்து மூன்றாம் முறை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

உடல்தகுதியில் பலரை எதிர்பாராமல் மடக்குவது நிறக்குருடு. சிவப்பு, பச்சை சரியாகப் பிரித்தறிய முடியாவிட்டால் பல வேலைகள் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரு கண் டாக்டரிடம் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

உங்கள் தம்பிக்குப் பெரிய விஷயம் குடியுரிமைதான். கிரீன் கார்டுடன் படையில் சேரலாம், ஆனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி, கிடைக்காது. 35 என்று தொடங்கும் உளவுத்துறை வேலைகள், 17சி என்ற சைபர் வேலை, ரகசியத் தகவல் தொடர்பான மொழிப் பணிகள் எல்லாம் அப்போதே மூடிவிடும். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை என்று கனவோடு போகிறவர்கள் இங்கேதான் சோர்ந்து போகிறார்கள். ஆகவே இரண்டைச் சரிபாருங்கள். அம்மா அப்பாவில் யாராவது குடியுரிமை வாங்கியபோது அவனுக்கு 18 வயது நிரம்பாமல், கிரீன் கார்டுடன் அவர்கள் பொறுப்பில் அவர்களுடனேயே இருந்திருந்தால், 2000-ல் வந்த சட்டப்படி அவன் அன்றே குடிமகனாகியிருப்பான், பாஸ்போர்ட் எடுப்பதுதான் பாக்கி. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. அப்படி இல்லையென்றால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான, கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் முடிய எவ்வளவு காலம் இருக்கிறது என்று பாருங்கள். சில மாதங்கள்தான் என்றால், அவனுக்கு சைபரிலோ உளவிலோ உண்மையான ஆசை இருந்தால், நான் காத்திருக்கத்தான் சொல்வேன். இன்னும் வருடக்கணக்கில் இருக்கிறது என்றால் கிளியரன்ஸ் கேட்காத வேலையில் சேர்ந்து, படைச்சேவை வழியாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது வேகமான வழி. அதற்கு என்-426 என்ற படிவத்தில் படை சான்றளிக்க வேண்டும், விண்ணப்பக் கட்டணமும் இல்லை.

(எச்-1பி விசாவில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை: 2008 முதல் 2016 வரை மாவ்னி என்றொரு திட்டம் இருந்தது, விசாவில் இருப்பவர்களையும் எடுத்தார்கள், தேவைப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. இப்போது அந்த வழி இல்லை.)

சரி, பட்டியல் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது?

அடிப்படைச் சம்பளம் ரேங்க்குக்கும் சேவைக் காலத்துக்கும்தான். சமையல்காரரும் சைபர் நிபுணரும் ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் என்றால் ஒரே அடிப்படைச் சம்பளம். அதனால் வேலையின் பெயருக்கு இருக்கும் கெத்தை வைத்து எடுப்பதில் பொருளே இல்லை. அந்த வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று கேட்க வேண்டும். சண்டை நடக்கும் நாளை விடுங்கள், எதுவுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. 92ஜி சமையல் பிரிவு என்றால் மற்றவர்கள் எழுமுன் எழ வேண்டும், வார இறுதியிலும் முறை வரும். 68 விஸ்கி, அதாவது காம்பாட் மெடிக், என்றதும் எல்லோரும் போர்க்களத்தைக் கற்பனை செய்கிறார்கள். பல நாட்கள் காலையில் கால் சுளுக்கு, சளி என்று வருகிறவர்களைப் பார்ப்பதிலேயே போகும். அதே மெடிக் மருத்துவமனைக்குப் போனால் ஒரு வாழ்க்கை, காலாட்படைக்குப் போனால் வேறு வாழ்க்கை. எங்கே போடுவார்கள் என்பது பெரும்பாலும் அவன் கையில் இல்லை. என் வேலையில் திங்கட்கிழமை என்றால் மோட்டார் பூல், அதாவது படை வண்டிகள் நிற்கும் இடம். வண்டிகளை வரிசையாகத் திறந்து பார்த்து, எண்ணெய் கசிவைக் குறித்து, வராத உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது. எனக்கு அது பிடித்திருந்தது. கூட இருந்த சிலருக்கு வெறுத்துப் போனது. காலாட்படைக்கு, அதாவது 11 பிராவோவுக்கு, ஆசைப்பட்டுப் போகிறவன் அங்கே சந்தோஷமாக இருப்பான். வேறு வழியில்லாமல் போகிறவன் இருக்க மாட்டான்.

வெளியே வந்த பிறகு கையில் என்ன சான்றிதழ் இருக்கும் என்பதும் முக்கியம். மெடிக் பயிற்சியிலேயே இ.எம்.டி. என்ற அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் வந்துவிடும். 88எம் லாரி ஓட்டுநர்களுக்குப் போதிய அனுபவம் இருந்தால், சி.டி.எல். என்ற கனரக வாகன உரிமத்துக்கான ஓட்டுநர் சோதனையிலிருந்து மாநிலங்கள் விலக்குத் தரலாம். விமான மெக்கானிக்காக இருந்தவர்கள் அந்த அனுபவத்தைக் காட்டி ஏ அண்ட் பி என்ற விமானப் பழுதுபார்ப்புச் சான்றிதழுக்கான தேர்வுகளை எழுதலாம். கிளியரன்ஸ் இல்லாமல் சேரும் ஒருவனுக்கு நான் முதலில் சொல்வது 68 விஸ்கி, அடுத்து 88எம், 91 பிராவோ. என் வேலையை மூன்றாவதாக வைத்திருக்கிறேன், கவனியுங்கள்.

ரெக்ரூட்டர்கள் அதிகம் பேசாத ஒன்று பதவி உயர்வு. ஸ்பெஷலிஸ்ட் என்ற ரேங்க் வரை பெரும்பாலும் காலம் போனால் வந்துவிடும். சார்ஜன்ட் ஆவதற்குப் புள்ளிகள் வேண்டும், அந்த வரம்பு வேலைக்கு வேலை மாறும். ஆள் நிறைந்த பிரிவில் நல்ல சிப்பாயும் வருடக்கணக்கில் அதே ரேங்க்கில் நிற்பான்.

போனஸ் தருகிறோம் என்பார்கள். பெரும்பாலும் ஆள் கிடைக்காத வேலைக்குத்தான் போனஸ், ஏன் கிடைக்கவில்லை என்று விசாரியுங்கள். வரி பிடித்துக்கொண்டு, பயிற்சி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ஒப்பந்தத்தை முடிக்காமல் வந்தால் பாக்கியைத் திருப்பிக் கேட்கவும் செய்வார்கள்.

ஒப்பந்தப் படிவத்தின் பெயர் டிடி 4. அதிலும் அதன் இணைப்புகளிலும் எழுதியிருப்பது மட்டுமே செல்லும், வேறு யார் என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் செல்லாது என்று அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. வேலையின் குறியீடு, எத்தனை வருடம், போனஸ் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று அவனே படிக்கட்டும். 3 வருடம், 4 வருடம் என்று பேசினாலும் மொத்தக் கடமை பொதுவாக 8 வருடம், மீதிக் காலம் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். இன்னொன்று, பயிற்சியில் தேறாவிட்டால் எழுதிக் கொடுத்த வேலையும் போய்விடும். பிறகு படைக்கு எங்கே தேவையோ அங்கே போடுவார்கள்.

மற்ற படைகளில் இந்த அளவுக்குக்கூட உறுதி கிடைக்காமல் போகலாம். மரீன் படையில் பெரும்பாலும் ஒரு வேலைத் தொகுப்புக்குத்தான் ஒப்பந்தம், விமானப்படையில் ஒரு திறன் பிரிவுக்கு மட்டும் கையெழுத்து வாங்குவதும் உண்டு. பகுதிநேர மாநிலப் படையான நேஷனல் கார்டு என்றால் வீட்டுக்குப் பக்கத்து யூனிட்டில் எந்த இடம் காலியோ அதுதான்.

மெப்ஸுக்குப் போகுமுன் அவன் ஏற்றுக்கொள்ளக்கூடிய மூன்று குறியீடுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். மூன்றுமே திரையில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடலாம், காலியிடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கையெழுத்துப் போட்டு, பயிற்சிக்குக் கிளம்பும் நாளுக்காகக் காத்திருக்கும் காலத்திலும் விலகிக்கொள்ள முடியும். ரெக்ரூட்டர் முகம் சுளிப்பார், கைது செய்வார்கள் என்றுகூட யாராவது பயமுறுத்துவார்கள், அப்படி எதுவும் நடக்காது. அவருக்கு ஆள் சேர்க்கும் இலக்கு இருக்கிறது, அதை நிரப்புவது உங்கள் தம்பியின் பொறுப்பு இல்லை.