நகர்வது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மார்கழியில் எங்கள் காசிமேட்டு வீட்டு மாடியிலிருந்து இரவு எட்டு மணிக்குப் பார்த்தபோது, கடலுக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. நள்ளிரவில் அவை உச்சிக்கு வந்துவிட்டன. பூமி சுழல்வதால்தான் என்று மகளிடம் சொன்னேன். "அப்படியென்றால் நமக்கு ஏன் ஆட்டமே தெரியவில்லை?" என்கிறாள். துருவ நட்சத்திரம் மட்டும் ஏன் நகர்வதில்லை என்றும் கேட்கிறாள். என்ன சொல்வது?

கே., காசிமேடு

அன்புள்ள கே.,

பேரறிஞர்களுக்கே எழுந்த ஐயம் இது என்று முதலில் மகளிடம் சொல்லுங்கள். படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரியும். விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிவதும் அப்படித்தான் என்று 499-இல் ஆரியபடர் எழுதினார். 628-இல் பிரம்மகுப்தர் அதை மறுத்தார். பூமி சுழன்றால் உயர்ந்து நிற்பவை ஏன் விழவில்லை என்பது அவருடைய கேள்வி. பாடத்தை ஒப்பித்துவிட்டு நகரும் பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வராது.

விடையும் அந்தப் படகிலேயே இருக்கிறது. கிளம்பும்போதும் திரும்பும்போதும் நிற்கும்போதும்தான் உடல் சாய்கிறது. ஒரே சீராகப் போகையில் சாய்வதில்லை. சென்னை மணிக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காற்றும் கடலும் கூடவே வருகின்றன.

துருவ நட்சத்திரம், பூமியின் அச்சு வடக்கே சுட்டும் புள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது. அதுவும் நகர்கிறது, வட்டம் சிறியதென்பதால் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். உங்களுக்கு அது திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம். வெளிச்சமும் புகையும் நிறைந்த திசை. மகளுக்கு அது தென்படாவிட்டால் குறை அவள் கண்ணில் இல்லை. வடசென்னைப் பிள்ளைகளுக்கு வடக்கு வானம் இப்படி மங்கிப்போனதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

கிழக்கே கடல் இருக்கிறதே, அது போதும். நீங்கள் பார்த்தது ஓரியன் என்னும் வேட்டைக்காரன் உருவ விண்மீன் கூட்டத்தின் இடைவார். பக்கத்தில் செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. இடைவார் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய நேர் மேலே இருப்பதால் சரியாகக் கிழக்கில் உதித்து, கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது. மார்கழிப் பிறப்பில் மாலை ஆறு மணி வாக்கில் உதயம், நள்ளிரவில் உச்சி, காலை ஆறு மணி வாக்கில் மறைவு. மணிக்கு 15 பாகை.

மகளை மாடியில் ஒரே இடத்தில் உட்காரவைத்து, அந்த மூன்றில் ஒன்று தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மறையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மறுநாள் நான்கு நிமிடம் முன்னதாகவே மறையும். பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 வினாடிதான் ஆகிறது. ஒரு யுகத்தில் பூமி எத்தனை முறை சுழலும் என்று ஆரியபடர் தந்த எண்ணிக்கையிலிருந்தும் ஏறக்குறைய இதே அளவுதான் கிடைக்கிறது! ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் சற்று நகர்ந்துவிடுவதால், மறுபடி சூரியனுக்கு நேரே வர இன்னும் நான்கு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரமாகச் சேர்ந்துவிடும். தை பிறக்கும்போது இரவு பத்து மணிக்கே இடைவார் உச்சியில் இருக்கும்.

அவள் குறித்த நேரங்களை எனக்கும் அனுப்புங்கள்.