நூலகர் பதில்கள்: 60 பேரும் ஒரே புக்குக்கு ஓடினா?

கேள்வி: சார், நான் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்கறேன். செகண்ட் இயர் பசங்க 60 பேருக்கு "தனுஷ்கோடி புயல் பத்தி லைப்ரரி போய் பத்து பக்கம் எழுதுங்க"ன்னு அசைன்மென்ட் குடுத்தேன். முக்காவாசி பேர் எழுதினது ஒரே மாதிரி, எழுத்துப்பிழை கூட மாறல. ஒருத்தரும் லைப்ரரி படி ஏறல. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: கோச்சுக்காதீங்க மேடம், பாதி தப்பு உங்க மேலயும் இருக்கு. "பத்து பக்கம் எழுது"ங்கறது கேள்வியே இல்லையே. போன்லயே ரெடியா கிடைக்கறதுக்கு எவன் பஸ் ஏறி லைப்ரரி போவான்?

அதே புயலையே வெச்சுக்குவோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில கடல் அடிச்சுட்டு போச்சு, அதுல எத்தனை பேர் இறந்தாங்கன்னு தேடினா ஒரு இடத்துல 115ன்னு வரும், இன்னொரு இடத்துல 200ஐ தாண்டும், டிக்கெட் எடுக்காம ஏறினவங்க கணக்குல வரலைன்னு ஒரு காரணமும் கூடவே வரும். இத கேள்வியா மாத்துங்க. புயலுக்கு அடுத்த பத்து நாள் பேப்பர எடுத்து, அந்த நம்பர் நாளுக்கு நாள் எப்படி மாறுதுன்னு பாரு, கடைசியா நீ எத நம்பற, ஏன்? ரெண்டு பக்கம் போதும். ஒரு குரூப்புக்கு ஒரு பேப்பர், இன்னொண்ணுக்கு மாவட்ட கெசட்டியர் (மாவட்டத்தப் பத்தி அரசாங்கம் போட்ட விவரப் புத்தகம்), இன்னொண்ணுக்கு சட்டசபை விவாதத் தொகுதின்னு பிரிச்சுட்டா காப்பி அடிக்க வழியே இல்ல.

ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை உக்காந்து தேடிப் பாருங்க, இத செய்யாதவங்க தான் அதிகம். மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்கு கிட்ட தான், 1964 பேப்பர் இருக்கான்னு போன்ல கேட்டுட்டு பசங்கள அனுப்புங்க. இல்லைன்னா சென்னையில கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் ரெண்டுலயும் விசாரிங்க. பயணச்செலவுக்கு வழியில்லாத பசங்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகம் இருக்கு, காசு இல்ல. தேடும்போது எந்த வார்த்தைய போடணும்னும் சொல்லிக்குடுங்க, பழைய இங்கிலீஷ் கேட்லாக்ல ராமநாதபுரம்னு தேடி கிடைக்கலைன்னா "ராம்நாட்"னு போட்டுப் பாக்கணும், தமிழ்நாடுன்னு வரலைன்னா "மெட்ராஸ்"னு போடணும், இது தெரியாம பாதி பேர் "ஒண்ணுமே இல்ல சார்"னு திரும்பிடுவாங்க.

லைப்ரரியன் கிட்டயும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வேலை பாத்த ஒரு காலேஜ்ல ஒரு புரொஃபசர் சொல்லாம கொள்ளாம 60 பேர ஒரே ரெஃபரன்ஸ் புக்குக்கு அனுப்பிட்டார், மூணாவது நாள் ரேக்ல இருந்து எடுத்தா நடுவுல ஏழு தாள் காணோம். பிளேடு போட்ட கோடு பின்னாடி ரெண்டு தாள் வரைக்கும் எறங்கியிருந்துச்சு. எவன்னு கடைசி வரை தெரியல, அந்த புக்கும் அதுக்கப்புறம் பிரிண்ட்ல இல்ல.

இன்னொண்ணு, எங்க தேடினேன், எது கிடைக்கல, யார கேட்டேன்னு அரைப்பக்கம் தனியா எழுதச் சொல்லி இன்டர்னல்ல அதுக்கும் மார்க் போடுங்க. நல்லா எழுதத் தெரியாத பையன் கூட இதுல மார்க் எடுப்பான், அலைஞ்சவனுக்குத்தான் எழுத விஷயம் இருக்கும். அப்புறம், எச்சில் தொட்டு பக்கம் புரட்டாதன்னு சொல்லி அனுப்புங்க, 60 வருஷத்து பேப்பர் ஓரம் கைப்பட்டாலே பொடிப்பொடியா உதிரும்.

கேள்வி: விக்கிபீடியா பக்கமே போகக்கூடாதுன்னு எங்க சார் சொல்றார், சரியா?
- ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: போலாம் தம்பி, ஆனா அங்கயே குடியிருக்கக்கூடாது. பக்கத்தோட அடியில குட்டி எழுத்துல மேற்கோள் லிஸ்ட் இருக்கும் பாருங்க, அத குறிச்சுக்கிட்டு அந்த புக்கத் தேடி போங்க. நாலுல ஒண்ணு கிடைச்சாலும், விக்கில சொன்னது அதுல நெஜமாவே இருக்கான்னு பக்க நம்பரோட பாருங்க. இல்லைன்னா அதையே அசைன்மென்ட்ல எழுதுங்க, உங்க சார் அசந்துடுவார். ஊர்லயே சரஸ்வதி மஹால் லைப்ரரிய வெச்சுக்கிட்டு எனக்கு லெட்டர் போடறீங்களே, அத முதல்ல சொல்லணும்!