கொட்டகைக்குப் பின்னால் கல்கட்டு: முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள்

மழைக்கு மழை மேட்டு மண் சரிந்து மாட்டுக் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறுகிறது, 3 அடிக் கல்கட்டு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். உயரம் சரி. ஆனால் இப்படிப்பட்ட சுவரைப் பெரும்பாலும் சாய்ப்பது பின்னால் தேங்கும் தண்ணீர்தான். அதனால் கல்லுக்குப் பின்னால் 1 அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி மட்டும் கொட்டுங்கள். ஜல்லிக்கு அடியில் ஒரு துளையிட்ட பிவிசி குழாய் போடுங்கள், 100 அடிக்கு 1 அடி வாட்டம், வாய் வெளியே திறந்திருக்கட்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரிக்காவிட்டால் சேறு இறங்கி அடைத்துக்கொள்ளும். அதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

பெரிய கற்களை அரையடி புதைத்து, மேட்டுப் பக்கம் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் 2 அங்குலம் சாய்வாக அடுக்குங்கள். காலால் மிதித்துப் பாருங்கள், ஆடினால் சில்லு திணியுங்கள். அப்புறம் கூரைத் தண்ணீரையும் குழாயில் பிடித்துத் தூரமாக விட்டுவிடுங்கள்.