பின்பலகை மக்கிய ஃபைபர் போட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய ஃபைபர் மோட்டார் போட் ஒன்று வாங்கியிருக்கிறேன். எஞ்சினைத் தூக்கி இறக்கும்போது, அது மாட்டியிருக்கும் பின்பலகை லேசாக அசைகிறது. வெளியே விரிசல் எதுவும் இல்லை. உள்ளே மரம் மக்கியிருக்குமா?

மக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய போட்டுகளில் பெரும்பாலானவற்றின் பின்பலகை முழுக்க ஃபைபர் அல்ல. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட்தான் இருக்கும். தோல் பளபளவென்று இருக்கும்போதே நடுவிலுள்ள மரம் கூழாகிவிடும்.

எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகையின் மேல்விளிம்பு கூடவே வளைந்தால் கோளாறு உறுதி. பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டி வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று தெளிவாகக் கேட்கும், கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாக அமுங்கும். அந்த இடங்களில் உட்பக்கமிருந்து 3 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். வெளித்தோல் ஓட்டையாகாமலிருக்க, பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் மரம் நலம். காப்பிப்பொடி நிறத்தில் ஈரமாகப் பிட்டில் அப்பிக்கொண்டால் மக்கிவிட்டது. தண்ணீர் கீழேதான் இறங்கும், ஆகவே அடிவிளிம்பையும் வடிகால் துளையைச் சுற்றியுள்ள பகுதியையும் சோதிக்காமல் விடாதீர்கள். சோதனைத் துளைகளை அன்றே எபாக்ஸியால் (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் ரெசின் பசை) அடைத்துவிட வேண்டும்.

கேள்வி: அந்தத் துளைகள் வழியாகவே எபாக்ஸியை ஊற்றிக் கெட்டியாக்கிவிட்டால் போதாதா?

பின்பலகைக்குப் போதாது. ஈரம் குடித்த மரத்துக்குள் ரெசின் ஏறாது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் கெட்டிப்பட்டு நின்றுவிடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை பூஞ்சை வேலை செய்துகொண்டே இருக்கும். மேலே அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்படும். எஞ்சினின் எடையும் உந்துவிசையும் முழுதாக இறங்குகிற இடத்தில் இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். கைப்பிடி ஒன்றின் அடியில் சிறு இடம் மட்டும் கெட்டிருந்தால், நன்றாகக் காயவைத்தபின் செய்யலாம்.

கேள்வி: அப்படியானால் மரத்தை மாற்றும் முறையைச் சொல்லுங்கள்.

எஞ்சினைக் கழற்றி, போட்டின் அடிப்பகுதி சமமாகத் தாங்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். தாங்கல் சரியில்லாமல் பின்பலகையை எடுத்தால் உடல் வடிவம் மாறிவிடும். உள்தோலை ஓரத்தில் 5 முதல் 7 செ.மீ. விட்டு வெட்டியெடுங்கள். வெளித்தோலைத் தொடாததால் வெளிப்பூச்சு அப்படியே இருக்கும். கெட்டதை மட்டுமல்ல, ஈரமான மரம் அத்தனையையும் உளியால் எடுத்துவிடுங்கள். பிறகு 40 கிரிட் தாளால் பளிச்சென்ற ஃபைபர் தெரியும்வரை தேயுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

அட்டையில் அளவெடுத்து மரைன் பிளைவுட்டை வெட்டுங்கள். 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டுவது வழக்கம். ஆனால் பழைய மொத்தக் கனத்தை அளந்து அதற்கே பொருத்துங்கள், இல்லையென்றால் எஞ்சின் பிடிப்பு சரியாக உட்காராது. பலகையின் எல்லாப் பக்கத்துக்கும், குறிப்பாக வெட்டிய விளிம்புகளுக்கு, முதலில் வெறும் எபாக்ஸி பூசுங்கள். பின் சிலிக்கா தூள் கலந்து, செங்குத்தில் வழியாத கெட்டிப் பதமாக்கி, பல் கரண்டியால் வெளித்தோலிலும் பலகையிலும் தடவி ஒட்டுங்கள். கிளாம்ப்பை ஓரங்களில் பசை சற்றுப் பிதுங்கும் அளவுக்கே முடுக்குங்கள். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் பசை முழுக்க வெளியேறி, ஒட்டு வறண்டுவிடும். நிறைய எபாக்ஸியை ஒரே குவளையில் கலந்தால் சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மூலைகளில் கெட்டி எபாக்ஸியால் வளைவு கொடுத்த பிறகே ஃபைபர் துணி போடுங்கள். கூர்மூலையில் துணி படியாது, அடியில் காற்று நிற்கும். விட்டுவைத்த உள்தோலின் விளிம்பைக் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள்: 5 மி.மீ. தோலுக்கு 60 மி.மீ. அப்போதுதான் புதுத்தோல் பழையதோடு பலமாகச் சேரும். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும்.

கேள்வி: பாலியெஸ்டர் ரெசினில் செய்தால் செலவு குறையுமே?

குறையும். ஆனால் பழைய பரப்பிலும் மரத்திலும் எபாக்ஸியின் பிடிப்பு கூடுதல், அதனால் இந்த வேலைக்கு அதையே பரிந்துரைக்கிறேன். எபாக்ஸிக்குச் சாதாரணத் துண்டுநார் மேட் வாங்க வேண்டாம். அதன் நார்களைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். பாலியெஸ்டர்தான் என்று முடிவுசெய்தால் ஒன்றை மறக்காதீர்கள்: கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டையும் (ரெசினை இறுகவைப்பது) நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்தபின்தான் கேட்டலிஸ்ட் விட வேண்டும்.

கேள்வி: மறுபடி மக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தண்ணீர் நுழைவது பெரும்பாலும் ஆணித் துளைகள் வழியாகத்தான்: எஞ்சின் போல்ட், ஏணி, ஆழமானி, வடிகால் குழாய். 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 20 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் 12 மி.மீ. துளையிடுங்கள். இனி போல்ட்டைச் சுற்றிப் பூசும் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) கசிந்தாலும் தண்ணீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தை அல்ல. சீலன்ட் பாலியூரிதேன் வகையாக இருக்கட்டும், சிலிக்கான் வேண்டாம். பின்பலகை மக்கியிருந்தால் தரைக்கடியில் ஓடும் நீளச்சட்டங்களையும் 3 மி.மீ. துளையிட்டுப் பாருங்கள். அவற்றைச் சுற்றியுள்ள நுரை ஈரமாக இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.