டெக்னிக்கல் டெத் மெட்டலில் ரிதம் கிட்டார் டோனை எப்படி "டைட்"டாக்குவது?

டெக்னிக்கல் டெத் மெட்டல் என்பது வேகமும் சிக்கலான வாசிப்பும் கொண்ட மெட்டல் இசை வகை. அதில் "டைட்" டோன் என்றால், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் ஒவ்வொரு அடியும் அடுத்ததோடு ஒட்டாமல் தனித்தனியாகக் கேட்பது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில், பீட்டுக்கு நாலு அடி வீதம் வாசித்தால் ஒவ்வொரு அடிக்கும் 75 மில்லி விநாடிதான் கிடைக்கிறது; அதற்குள் தடித்த கம்பியின் பேஸ் (தாழ்ந்த ஒலி) அதிர்வுகள் டிஸ்டார்ஷனுக்குள் (ஒலியைக் கரகரப்பாக்கும் கட்டத்துக்குள்) போய் வீங்கிவிட்டால், முந்தைய அடியின் வால் அடுத்ததை மூடிவிடும். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு வேகமாகப் பேசுகிற மாதிரி.

அதனால் பேஸை ஆம்ப்புக்கு (கிட்டார் ஒலியைப் பெருக்கி டிஸ்டார்ஷன் தரும் கருவிக்கு) முன்னாலேயே குறைக்க வேண்டும். பேஸைத் தானாகவே குறைக்கும் டியூப் ஸ்கிரீமர் வகை பெடலை ஆம்ப்புக்கு முன் வைத்து, அதன் டிரைவைப் (கரகரப்பின் அளவை) பூஜ்யத்திலும் லெவலை (வெளிவரும் ஒலியளவை) முழுசாகவும் விடுங்கள். டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஈக்யூவில் (ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) பேஸை வெட்டினால் பெரிய பலன் இல்லை, குழைந்தது குழைந்ததுதான். அப்புறம் ஆம்ப்பின் கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பாம் மியூட் செய்யும்போது (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அழுத்தி வாசிக்கும்போது) "ஜக் ஜக்" என்று வெட்டி நிற்கும் ஒரு இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். மிட்ஸை (நடுத்தர ஒலிகளை) மட்டும் குறைத்துவிடாதீர்கள், ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் இசைத்துணுக்கின்) தெளிவு அங்கேதான் இருக்கிறது.

கெயின் கூடினால் கனம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆல்பங்களில் கேட்கும் அந்தக் கனம் பெரும்பாலும் அதே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வைப்பதாலும், பேஸ் கிட்டார் தாழ்ந்த ஒலிப் பகுதியை நிரப்புவதாலும் வருவது.