கிளினிக் கேள்வி–பதில்: டோக்கன் முதல் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் வரை

தெருமுனை கிளினிக்குகளில் ரிசப்ஷன், ஃபைல், ஃப்ரிட்ஜ், குப்பை என்று எல்லாவற்றையும் ஒன்றிரண்டு பேரே பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களும், அவர்களை நம்பியிருக்கும் டாக்டர்களும், அக்கம்பக்கத்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மாலை 5 முதல் 9 வரை ஓ.பி. 5 மணிக்கே நாற்பது பேர் வந்துவிடுகிறார்கள். டோக்கன் கொடுத்தும் சண்டை ஓயவில்லை. என்ன செய்வது?
– ரிசப்ஷனிஸ்ட், கரூர்

வரிசை எண்ணை மட்டும் கொடுத்தால் எல்லோரும் 5 மணிக்குத்தான் வருவார்கள். 32-ம் நம்பர்காரருக்குத் தன் முறை எப்போது வரும் என்று தெரியாதே. எண்ணோடு நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.

முதலில் ஒரு வாரம் ஒரு நோட்டில் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: நோயாளி வந்தது, டாக்டர் அறைக்குள் போனது, வெளியே வந்தது. புதிதாக வருபவருக்கு எத்தனை நிமிடம், சர்க்கரை, பி.பி. ரிவ்யூவுக்கு எத்தனை நிமிடம் என்பது அதில் தெரிந்துவிடும். சராசரி 7 நிமிடம் என்று வந்தால், 240 நிமிடத்தில் கணக்குப்படி 34 பேர். ஆனால் 34 டோக்கன் கொடுக்கக் கூடாது. 28 கொடுங்கள். 28 பேருக்கு 196 நிமிடம் போக மீதி 44 நிமிடம் இருக்கும். அவசரமாக வருபவர், பேசிக்கொண்டே இருக்கும் பெரியவர், டாக்டருக்கு வரும் ஃபோன் எல்லாம் அந்த 44 நிமிடத்துக்குள்தான் அடங்க வேண்டும். இந்த இடைவெளியை விடாத கிளினிக்கில் ராத்திரி பத்தரை வரை ஆள் உட்கார்ந்திருப்பார்கள்.

நான்கு மணி நேரத்தை எட்டு அரைமணிகளாகப் பிரியுங்கள். முதல் அரைமணிக்கு 4 டோக்கன், அடுத்ததற்கு 3, மறுபடி 4 என்று மாற்றி மாற்றிப் போட்டால் 28 வரும். முதலிலேயே 4 வைப்பதற்குக் காரணம், ஒருவர் தாமதமானாலும் டாக்டர் சும்மா உட்கார வேண்டியிருக்காது. தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வரிசையின் முன்னாலும் செருக வேண்டாம். அவர் வந்த அரைமணியின் கடைசி ஆளாகப் போடுங்கள். இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

"ஒரே நிமிஷம்மா, ரிப்போர்ட் மட்டும் காட்டணும்" என்று கதவருகே நிற்பவர்களால்தான் வரிசை அதிகம் கலைகிறது. ரிப்போர்ட்டுக்கென்று 7 மணிக்குப் பத்து நிமிடமும் கடைசியில் பத்து நிமிடமும் ஒதுக்குங்கள். ரிப்போர்ட்டை முன்கூட்டியே வாங்கி ஃபைலில் வைத்துவிட்டால் உள்ளே இரண்டு நிமிடத்தில் முடியும். ஃபீஸை டோக்கன் கொடுக்கும்போதே வாங்கிவிட்டால் வெளியே போகும்போது இரண்டாவது வரிசை சேராது. மருந்து கம்பெனி பிரதிநிதிகளுக்கு ஓ.பி. முடிந்த பிறகுதான் நேரம்.

ஒன்று மட்டும் மாறக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, திடீரென்று ஒரு பக்கம் கை கால் வராமல் போவது அல்லது வாய் கோணுவது, நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பாம்புக்கடி, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு டோக்கனே கிடையாது, உடனே உள்ளே. இந்தப் பட்டியலை டாக்டர் கையெழுத்தோடு மேஜைக் கண்ணாடியின் கீழ் வையுங்கள். யாராவது கேட்டால் அதைக் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவருக்கு மாஸ்க் கொடுத்து, ஜன்னலோரம் உட்காரவைத்துச் சீக்கிரம் அனுப்புங்கள்.

ரிசப்ஷனுக்கு எடுக்கும் ஆட்கள் மூன்று, நான்கு மாதத்தில் போய்விடுகிறார்கள். சம்பளத்தை உயர்த்தியும் பலனில்லை.
– பொதுநல மருத்துவர், விருதுநகர்

டாக்டர், உங்கள் செல்ஃபோன் நம்பர் எத்தனை நோயாளிகளிடம் இருக்கிறது என்று பாருங்கள். "டாக்டர்கிட்ட பேசிட்டேன், உள்ள விடச் சொல்லிட்டார்" என்று ஒருவர் வந்து நின்றால், அதுவரை பொறுமையாக இருந்த பன்னிரண்டு பேரின் கோபமும் ரிசப்ஷனில் இருக்கும் பெண் மீதுதான் பாயும். அவர் போட்ட வரிசையை நீங்களே கலைத்துவிட்டு, சத்தம் வந்ததும் "என்னம்மா வெளியே கூச்சல்?" என்று கேட்டால் யார்தான் நிற்பார்கள்? உங்களை நேரடியாக அழைப்பவர்களிடம் "ரிசப்ஷனில் சொல்லுங்கள், அவர் நேரம் கொடுப்பார்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதம் இதில் உறுதியாக இருந்தால் அந்த அழைப்புகளே குறைந்துவிடும். நோயாளிகள் முன்னால் அவரைத் திட்டவும் வேண்டாம். தவறு இருந்தால் ஓ.பி. முடிந்த பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, வேலையைப் பிரிப்பது. டோக்கன், ஃபீஸ், ஃபோன், எடை, பி.பி., ஃபைல் எடுப்பது எல்லாம் ஒருவரே செய்தால் ஏதாவது ஒன்று தவறும். தவறுவது பெரும்பாலும் பி.பி.தான். ஐந்து நிமிடம் உட்காரவைக்காமல், கையைத் தாங்காமல், சட்டைக்கு மேலேயே சுற்றி எடுத்த அளவை வைத்து மாத்திரை கூட்டக் கூடாதல்லவா? மாலை ஓ.பி.க்கு மட்டுமாவது இரண்டாவது ஆள் வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறையும் வீடு திரும்பும் நேரமும் உறுதியாக இருக்கட்டும். 9 மணிக்கு முடியும் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு தினமும் பத்தரைக்கு அனுப்பினால், பஸ்ஸைத் தவறவிடும் பெண்கள் முதலில் போய்விடுவார்கள்.

குழந்தைகள் கிளினிக்கில் சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜில் தடுப்பூசி வைத்திருக்கிறோம். போன வாரம் வெகுநேரம் கரண்ட் இல்லை. திறந்து பார்த்தபோது 11 டிகிரி. எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டுமா?
– கிளினிக் மேலாளர், தஞ்சாவூர்

உடனே தூக்கிப்போடவும் வேண்டாம், யாருக்கும் போடவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பையில் இட்டு "பயன்படுத்தாதே" என்று எழுதி, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் வையுங்கள். எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை, அதிகபட்சம் எத்தனை டிகிரி என்று குறித்து, டாக்டரிடமும் சப்ளை செய்த டீலர் வழியாகக் கம்பெனியிடமும் கேளுங்கள். சூடு எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தடுப்பூசிக்கும் முடிவு மாறும். குப்பியில் வி.வி.எம். (சூடு பட்டால் நிறம் மாறும் குறி) இருந்தால் பாருங்கள். உள் சதுரம் வெளி வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ அது போயிற்று.

சூட்டுக்குப் பயப்படுகிறோம், உறைவதை மறந்துவிடுகிறோம். டி.பி.டி., ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், நியூமோகோக்கல், டெட்டனஸ் போன்றவை ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸருக்குக் கீழேயும், பின்சுவரில் குளிர்காற்று வரும் துளைக்குப் பக்கத்திலும் இது நடக்கும். உறைந்தது உறுதியானால் எறிந்துவிடுங்கள்.

தடுப்பூசிகளை நடுத்தட்டில், துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். கதவில் வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கேதான் முதலில் சூடாகும். கதவிலும் காய்கறி டிரேயிலும் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள், கரண்ட் போனாலும் சற்று நேரம் குளிர் தங்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அதன் சென்சாரை நடுத்தட்டில் வையுங்கள். காலையும் மாலையும் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாலும் பிரச்சினை வருகிற நாள். ஸ்டெபிலைசர் அவசியம். ஃப்ரிட்ஜின் ப்ளக்கில் வேறு எதுவும் சொருகக் கூடாது, ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டுங்கள். செல்ஃபோன் சார்ஜருக்காகப் பிடுங்கி, திரும்பப் போட மறந்த ப்ளக்கால் ஆயிரக்கணக்கில் நஷ்டம் வரும். டாக்டரின் சாப்பாட்டு டப்பாவும் அதில் வேண்டாம்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால் ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பெட்டிக்கு மாற்றலாம். ஐஸ் பேக்கை ஃப்ரீஸரிலிருந்து எடுத்தவுடன் வைத்தால் ஊசி மருந்து உறைந்துவிடும். வெளியே வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே வையுங்கள்.

படுக்கை இல்லாத கிளினிக். ஒரு நாளைக்கு நாலைந்து ஊசி, இரண்டு டிரெஸ்ஸிங். மாநகராட்சிக் குப்பையில் போடலாமா?
– நர்ஸ், திருப்பூர்

கூடாது. 2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒருமுறை அனுமதியும், பொது மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு மையத்தோடு ஒப்பந்தமும் வேண்டும்.

ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து மஞ்சள் பையில். ஊசியில்லாத சிரிஞ்சு, டிரிப் செட், கையுறை சிவப்பில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். உடைந்த ஆம்பூல் (ஊசி மருந்து வரும் சிறு கண்ணாடிக் குழாய்), கண்ணாடிக் குப்பி நீலக் குறியிட்ட பெட்டியில். வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள், அமுக்கித் திணிக்கும்போதுதான் ஊசி குத்துகிறது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே வேண்டாம்.

குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், பிளீச்சிங் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் அவரைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

"போன வாரத்துத் தேதி போட்டு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுங்க" என்று என்னிடம் வற்புறுத்துகிறார்கள்.
– ரிசப்ஷனிஸ்ட், வேலூர்

சர்டிபிகேட் கேட்பவரை டாக்டரிடம் அனுப்புங்கள், நீங்கள் பேரம் பேச வேண்டாம். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிப்படி ஒவ்வொரு சான்றிதழுக்கும் பதிவேடு உண்டு. நோயாளியின் அங்க அடையாளமும் கையெழுத்து அல்லது கைநாட்டும் வேண்டும், நகலும் இருக்க வேண்டும். பார்க்காத நாளில் பார்த்ததாக எழுதினால் டாக்டரின் பதிவுக்கே ஆபத்து. முன்கூட்டியே கையெழுத்திட்ட லெட்டர்பேட் உங்கள் மேஜையில் இருக்கக் கூடாது, இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் தெரு கிளினிக்கை மூடிவிடாமல் காப்பாற்ற குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர், மதுரை

பணத்தைவிட இவை உதவும். கிளினிக் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்க இடம் விடுங்கள், வாசலில் சாய்தளம், தெருவிளக்கு கேட்டு வாங்கிக் கொடுங்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே டிரிப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று உங்கள் கூட்டத்தில் பேசுங்கள். பழைய சீட்டோடு, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே எடுத்து வரச் சொல்லுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பி.பி. மாத்திரை அம்லோடிபினும், தனியார் கடையில் வேறு பெயரில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக் கால் வீங்கி, தலை சுற்றி வருபவர்கள் உண்டு.

கிளினிக்கில் யாராவது கைநீட்டினால் வேடிக்கை பார்க்காமல் சாட்சி சொல்ல முன்வாருங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது தமிழ்நாட்டின் 2008 சட்டப்படி ஜாமீனில் வர முடியாத குற்றம். அந்தப் பாதுகாப்பு டாக்டருக்கு மட்டுமல்ல, நர்ஸுக்கும் உண்டு.

ஊசி போட்டதும் ஒருவர் மயங்கிவிட்டால் முன்னால் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?
– உதவியாளர், நாகர்கோவில்

டாக்டரைக் கூப்பிடுங்கள், அவசர ட்ரேயை எடுத்துக் கொடுங்கள், 108-ஐ அழையுங்கள், நேரத்தைக் குறியுங்கள், ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டத் தெருமுனைக்கு ஒருவரை அனுப்புங்கள். நோயாளியைப் படுக்கவையுங்கள், எழுப்பி நடக்கவிடாதீர்கள். கடுமையான அலர்ஜி என்றால் டாக்டர் முதலில் கேட்பது அட்ரினலின்: 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. இருக்கும், பெரியவர்களுக்கு அரை மி.லி. தொடையின் வெளிப்புறத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி கேட்பார், அதனால் ட்ரேயில் குறைந்தது மூன்று ஆம்பூலும் சிரிஞ்சும் ஒன்றாகக் கட்டியிருக்கட்டும். வெளிச்சம் படாமல் வையுங்கள், பழுப்பாகியிருந்தால் மாற்றுங்கள். மாதம் 1-ம் தேதி காலாவதித் தேதியைப் பார்ப்பது உங்கள் வேலை.

ஆக்சிஜன் பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம் வரும். மீட்டர் முள் பாதிக்கு வந்திருந்தால் நேரமும் பாதிதான், அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் பெரும்பாலும் காணாமல் போவது வால்வைத் திறக்கும் சாவி. அதைச் சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள்.