முதல் காய், முதல் கரண்டி: கேள்வி பதில்

குழந்தைக்குக் காய்கறி ஆரம்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஊட்டச்சத்து ஆலோசகராக என் பதில்கள்.

கேள்வி: பையனுக்கு ஐந்து மாதம். எங்கள் தட்டையே பார்க்கிறான். கேரட் மசித்துக் கொடுக்கலாமா?

பதில்: 180 நாள் முடியட்டும். இப்போது அவனுக்கு அது வேடிக்கை, பசி இல்லை.

கேள்வி: முதலில் எந்தக் காய்?

பதில்: மஞ்சள் பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி, சுரைக்காய், வீட்டில் எது இருக்கிறதோ அது. சுரைக்காய் என்றால் பச்சையாக ஒரு துண்டை உங்கள் நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குப்பைக்கு, வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தோல் சீவி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். இரண்டு விரலால் நசுக்கினால் குழைய வேண்டும். தாய்ப்பால் கொஞ்சம் விட்டு மசியுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, அதுதான் பதம். பிள்ளையின் வயிறு சின்னது. அதில் தண்ணீரை நிரப்பினால் சத்துக்கு எங்கே இடம்? முதல் நாள் இரண்டு மூன்று டீஸ்பூன் போதும்.

கேள்வி: காய் வெந்த தண்ணீர், பருப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் காயும் பிள்ளைக்கு.

கேள்வி: பீன்ஸ் கொடுத்தால் முகம் சுளித்துத் துப்புகிறாள்.

பதில்: புது ருசிக்கு முகம் அப்படித்தான் போகும். திணிக்காமல், இரண்டு நாள் விட்டு மறுபடி கொடுங்கள். எட்டு, பத்து முறைக்கு அப்புறம் வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. இரண்டாம் முறையிலேயே ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று முடிவுகட்டுவது பெரியவர்கள்தான்.

கேள்வி: பீட்ரூட் கொடுத்தோம், மலம் சிவப்பாகப் போகிறது!

பதில்: பீட்ரூட் நிறம். நிறுத்திய பிறகும் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி): எட்டு மாதப் பேரனுக்கு மருமகள் முருங்கைக்கீரை கொடுக்கிறாள். பச்சையாகப் போகிறான். மாந்தம் வராதா?

பதில்: பச்சையாகப் போவது கீரை நிறம்தான், பாட்டி. நடுநடுவே இலைத் துணுக்கு தெரிந்தால் நன்றாக மசியவில்லை என்று அர்த்தம். காம்பைக் கிள்ளிவிட்டு, வேகவைத்து, மத்தால் கடைந்து பருப்புச் சாதத்தில் பிசைந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

அதே பாட்டி: நாங்கள் ஒரு வயது வரை கீரை கண்ணிலேயே காட்டவில்லை. பிள்ளைகள் கெட்டா போனார்கள்?

இன்னொருவர்: பாட்டி சொல்வது சரி. கீரை வயிற்றுக்குக் கனம்.

மருமகள்: கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்றுதானே கொடுக்கிறேன்?

பதில்: மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பிறக்கும்போது உடம்பில் சேர்த்துவைத்த இரும்பு ஆறு மாதத்தில் தீர ஆரம்பிக்கிறது, தாய்ப்பாலில் இருப்பது போதாது. ஆகவே ஒரு வயது வரை காத்திருக்க முடியாது, பாட்டி. ஆனால் கீரையின் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான், மருமகளே. நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கூடும். அசைவ வீடு என்றால் நன்றாக வெந்த கறியோ மீனோ முள், எலும்பு நீக்கி மசித்துக் கொடுங்கள். அந்த இரும்பு எளிதில் சேரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். கடைந்த கீரையை மட்டும் வெளியே வைத்துச் சாயங்காலம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்?

பதில்: உப்பு ருசி நமக்குத்தான் பழக்கம். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம். தேன் நாக்கில் தடவுவதும் கூடாது.

கேள்வி: காய்கறி சூப் வடிகட்டிக் கொடுக்கலாமா?

பதில்: அதுவும் தண்ணீர்தான். மேலே பருப்புத் தண்ணீருக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

கேள்வி: பல் முளைக்கிறது, கடிக்கப் பச்சைக் கேரட் தரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். துண்டு உடைந்து தொண்டையில் அடைக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கிக் குழைய வேகவைத்ததைக் கொடுத்து, பக்கத்திலேயே உட்காருங்கள். குமட்டி இருமினால் பிள்ளையே சமாளிக்கும், விரலை விட்டுத் தோண்டாதீர்கள். சத்தமே வராமல் திணறினால் அடைத்திருக்கிறது. உடனே குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகில் ஐந்து தட்டு தட்டுங்கள். வேறு யாராவது 108-ஐக் கூப்பிடட்டும்.